குளிரும் மின்சாரக் கணப்பும்

தை மாதத்தில் நீலகிரிக்குச் சங்க ஆய்வுக்குச் செல்கிறவன், பேரேட்டைத் திறப்பதற்கு முன் கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உதகைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், சிறு தேயிலை விவசாயிகள் அங்கத்தினர்களாக உள்ள ஒரு சங்கத்தில், நான் அப்படி உட்கார்ந்திருந்த காலை வேளையில், செயலாளர் ஒரு கட்டுக் கடன் விண்ணப்பங்களை மேசைமீது வைத்தார். மொத்தம் 11. எல்லாம் ஒரே காரியத்துக்காக: வீட்டை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ள ஒரு மின்சாரக் கணப்பு வேண்டும்.

கணப்பு என்று நான் எழுதுவது, கடைகளில் ரூம் ஹீட்டர் என்று விற்கிறார்களே, அதைத்தான். விண்ணப்பங்களில் சிலர் செந்தணலாய் ஒளிரும் கம்பி வைத்த சாதாரணக் கணப்பைக் கேட்டிருந்தார்கள். சிலர் அதைப்போல மூன்று மடங்கு விலையுள்ள ஒரு புதுமாதிரியைக் கேட்டிருந்தார்கள். “மின்சாரத்தைப் பாதியாகக் குறைக்கும்” என்று கடைக்காரர் சொன்னதையும் விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார்கள். “இவற்றில் எது சிக்கனம் என்று நீங்களே ஒரு வரி எழுதிவிட்டால் நிர்வாகக் குழுவுக்குச் சௌகரியமாக இருக்கும், ஐயா” என்றார் செயலாளர்.

நான் கல்லூரியில் பௌதிகம் படித்துத் தேறியவன். உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் என் வாடகை வீட்டுக்காக நானே அதே “பாதிச் செலவு” வாசகத்தை நம்பி ஒன்று வாங்கி, அடுத்த மின்கட்டணச் சீட்டைப் பார்த்து வாயடைத்துப் போனவன் என்பதைச் செயலாளரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு வரியில் எழுதக்கூடிய விஷயம் அல்ல, விரிவாக எழுதித் தருகிறேன் என்றேன். அந்த வாக்கைத்தான் இந்தக் கட்டுரையில் நிறைவேற்றுகிறேன்.

பவானியிலும் சென்னிமலையிலும் தறிக்குழியில் கால் வைத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு இதைப் படிக்கும் நெசவாள அன்பர்கள், இது நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். குளிரை வெல்லும் காரியத்தில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது. அது பின்னால் வருகிறது.

முதலில் அபாயத்தைப் பேசிவிடுவோம். அந்த 11 பேரில் ஒரு மூதாட்டியும் இருந்தார். ஒரு ஏக்கர் தேயிலை. வீட்டில் இருமலோடு படுத்திருக்கும் கணவர். “இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள், அம்மா?” என்று கேட்டேன். “கும்மட்டியில் கரி போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வோம். கதவை மூடிவிட்டால் விடியும் வரை சூடு இருக்கும்” என்றார். புகை வராதபடி கரியை வெளியிலேயே நன்றாகப் பற்றவைத்துத்தான் உள்ளே கொண்டுவருவாராம். அது போதும் என்பது அவர் நம்பிக்கை.

இந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கும். கனிந்த கரியில் புகை இல்லைதான். ஆனால் மூடிய அறையில் காற்றுப் போதாமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் சிவப்புப் பொருளோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயு ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கி, தூக்கத்திலேயே நினைவு தப்பிவிடும். விழித்திருப்பவர் எழுந்து வெளியே போகலாம். தூங்குகிறவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரியைக் கனியவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியை நாளிதழ்களில் நாம் படித்திருக்கிறோம். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகளும் அதில் உண்டு, உள்ளூர் உழைப்பாளிகளும் உண்டு. யாரேனும் அப்படிக் கிடக்கக் கண்டால் முதலில் கதவு சன்னல்களைத் திறந்து, அவரைத் தூக்கி வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆகவே மின்சாரக் கணப்புக்குக் கடன் கேட்பது ஆடம்பரம் என்று நிர்வாகக் குழுவில் யாரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். உதகையில் தை மாத இரவுகளில் வெப்பநிலை 5, 6 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற பள்ளமான வெளிகளில் உறைபனி படிந்து 0 டிகிரிக்கும் கீழே போவது உண்டு. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வெப்பம் இருப்பது உடல்நலத்துக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இது வசதிக்காகச் செய்யும் செலவு அல்ல.

இனி, எதை வாங்குவது என்ற கேள்வி.

மின்சாரம் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் அளவு. அந்த ஒரு யூனிட் முழுவதும் சூடாக மாறினால் கிடைப்பது சுமார் 860 கிலோகலோரி. அதாவது 86 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி சூடேற்றும் அளவு. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கம்பியில் மின்சாரம் பாய்ந்து சூடாகும் எந்தக் கணப்பும், மலிவானதோ விலையுயர்ந்ததோ, இந்த 860-ஐத் தவறாமல் தந்துவிடும். அதற்கு மேல் ஒன்றும் தராது. சிவந்து ஒளிரும் கம்பி, விசிறி வைத்த பெட்டி, எண்ணெய் நிரப்பிய இரும்புச் சட்டம், சுவரில் மாட்டும் பலகை ஆகிய எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

தேயிலை விவசாயிக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஏறக்குறைய நாலரைக் கிலோ பசுந்தேயிலை போட்டால் ஒரு கிலோ தேயிலைத்தூள் வரும். எந்தத் தொழிற்சாலைக்கு அனுப்பினாலும், யந்திரத்துக்கு எந்த வண்ணம் பூசியிருந்தாலும், அதே நாலரைக் கிலோவில் இரண்டு கிலோ தூள் வந்தது என்று ஒருவர் சொன்னால் நாம் அவருடைய தராசைத்தான் சோதிப்போம். “பாதி மின்சாரத்தில் அதே சூடு” என்று சொல்லும் கணப்பையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும். நான் வாங்கிய கணப்பின் அடிப்பக்கத்தில் இருந்த தகட்டைப் பிறகுதான் படித்தேன். 1,000 வாட் என்று அதில் எழுதியிருந்தது. முன்பிருந்தது 2,000 வாட். பாதிச் செலவு என்பது உண்மை; பாதிச் சூடு என்பதைத்தான் கடைக்காரர் சொல்லவில்லை. அறை சூடாகவில்லையே என்று நான் இரண்டு மடங்கு நேரம் ஓடவிட்டேன். கணக்கு நேராகிவிட்டது!

அப்படியானால் எல்லாக் கணப்பும் ஒன்றா? சூட்டின் அளவில் ஒன்று. அந்தச் சூடு எங்கே போய்ச் சேருகிறது என்பதில் வேறு வேறு. ஒளிரும் கம்பிக் கணப்பு, வெயில் போல, எதிரே இருப்பவர்மீது நேராகச் சூட்டை எறிகிறது. காற்றோட்டமுள்ள பெரிய கூடத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கோ தையல் தைக்கிறவருக்கோ அது ஏற்றது. அறை முழுவதையும் சூடேற்றாமல் ஆளை மட்டும் சூடேற்றுவதால் குறைந்த வாட்டே போதும். ஆனால் அது இருக்கும் அறையில் தூங்கக் கூடாது. போர்வை நழுவி அதன்மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். குழந்தையின் கையும் எட்டும். விசிறிக் கணப்பு சிறிய அடைத்த அறையைப் பத்து நிமிஷத்தில் சூடேற்றும். நிறுத்தியதும் சூடும் போய்விடும். குளியலுக்குப் பின் உடை மாற்றும் அறைக்கு நல்லது. எண்ணெய் நிரப்பிய கணப்பு மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். ஒளியும் ஓசையும் இல்லை. அதில் உள்ள எண்ணெய் எரிவதில்லை, குறைவதும் இல்லை. சூட்டைத் தேக்கி வைத்திருக்க மட்டுமே இருக்கிறது. வருஷா வருஷம் எண்ணெய் மாற்ற வேண்டுமா என்று என்னைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள், வேண்டியதில்லை. படுக்கையறைக்கு நான் பரிந்துரைப்பது இதையே. வேண்டிய சூடு வந்ததும் தானே நின்று, குறைந்ததும் தானே ஓடும் தெர்மோஸ்டாட் என்னும் அமைப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். செலவை மிச்சப்படுத்துவதில் அந்தச் சிறிய திருகுக்கு இருக்கும் பங்கு, கணப்பின் விலைக்கு இல்லை.

இன்னொரு புகாரும் அடிக்கடி காதில் விழுகிறது. “வாங்கும்போது நன்றாகச் சுட்டது, இப்போது சுடவில்லை” என்பார்கள். மாலை 7 மணிக்கு ஊர் முழுவதும் கணப்பைப் போட்டால் மின்னழுத்தம் இறங்குகிறது. 230 வோல்ட்டுக்குச் செய்த 2,000 வாட் கணப்பு, 190 வோல்ட்டில் ஏறக்குறைய 1,370 வாட்தான் தரும். சாதனம் பழுதல்ல. மீட்டரும் அந்த அளவுக்கே ஓடும் என்பதால் நஷ்டமும் இல்லை, குளிர்தான் மிச்சம்.

இந்தச் சட்டத்தை மீறுவதுபோல் தோன்றும் சாதனம் ஒன்று இருக்கிறது. ஹீட் பம்ப் என்று அதற்குப் பெயர். அறையைக் குளிராக்கும் ஏ.சி. யந்திரத்தையே திருப்பிப் போட்டதுபோல வேலை செய்வது அது. கடைகளில் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். சாதாரண ஏ.சி. இதைச் செய்யாது. இந்த யந்திரம் சூட்டைத் தயாரிப்பதில்லை. வெளிக்காற்றில் உள்ள சூட்டைத் திரட்டி உள்ளே சுமந்து கொண்டுவருகிறது. 6 டிகிரிக் குளிர்காற்றில் சூடு ஏது என்று கேட்கலாம். அதைவிடக் குளிர்ந்த திரவத்தை அதில் ஓடவிட்டால் அந்தத் திரவத்துக்கு 6 டிகிரியும் சூடுதான். தேயிலைக் கணக்கில் சொன்னால், இது தூள் தயாரிக்கும் செலவு அல்ல, லாரி வாடகை. வாடகை ஒரு யூனிட் கொடுத்தால் இரண்டரை முதல் மூன்றரை யூனிட் வரை சூடு வந்து சேரும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஏ.சி.யின்மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டு, குளிரூட்டும் வேலையில் அதன் சிக்கனத்தைக் காட்டுவது. சூடேற்றும் வேலைக்கு அதை நம்ப வேண்டாம். விவரப் புத்தகத்தில் சூடேற்றும் திறன் எத்தனை வாட், அதற்கு உட்கொள்ளும் மின்சாரம் எத்தனை வாட் என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். அடுத்தது, அந்த எண்கள் பெரும்பாலும் வெளியே 7 டிகிரி இருக்கும்போது எடுத்தவை. உறைபனி இரவில் வெளிப்பெட்டியின் சுருளில் பனிக்கட்டி படியும். அதை உருக்க யந்திரம் இடையிடையே சூடு தருவதை நிறுத்திக்கொள்ளும். அப்போது பலன் குறையும்.

எவருக்கு இது ஏற்றது என்பதைச் சொல்வதற்கு முன், எல்லோரும் தவறவிடுகிற ஓர் இடத்துக்கு வர வேண்டும்.

கூரை

அந்த மூதாட்டியின் வீட்டுக்குப் பகல் உணவுக்குப் பின் செயலாளரோடு போயிருந்தேன். 12 அடிக்கு 10 அடி அறை. நல்ல செங்கல் சுவர். அண்ணாந்து பார்த்தால் மேலே வெறும் தகரம். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி, அதன் வழியே வானம் தெரிந்தது. இந்த அறைக்கு எந்தக் கணப்பை வாங்கினாலும் அவர் சூடேற்றப்போவது தேயிலைத் தோட்டத்தைத்தான் என்று எனக்குப் பட்டது.

அங்கேயே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். வெளியே 6 டிகிரி, உள்ளே 18 டிகிரி வேண்டும் என்று கொள்வோம். தகரக் கூரை வழியாக மட்டும் சுமார் 850 வாட் வெளியேறுகிறது. வெளிப்புறம் பார்த்த இரண்டு சுவர்கள் வழியாக 400. சன்னல் கண்ணாடி வழியாக 80. இடுக்குகள் வழியாகப் போகும் காற்றில் 200-க்கு மேல். ஆகமொத்தம் 1,500 வாட் ஓயாமல் ஓடினால்தான் 18 டிகிரி நிற்கும். தினம் 4 மணி நேரம் என்றால் 6 யூனிட். 60 நாளைக்கு 360 யூனிட்.

இப்போது மரப்பலகையாலோ பிளைவுட்டாலோ ஓர் உட்கூரை போட்டுவிட்டால் 850 வாட் 300 ஆகும். அதன்மேல் இரண்டு அங்குல கனத்தில் கண்ணாடிப் பஞ்சு பரப்பினால் 100-க்கும் கீழே போகும். கதவடியையும் கூரையோர இடுக்குகளையும் அடைத்தால் காற்றில் போகும் சூடு பாதியாகும். ஆகமொத்தம் 1,500 வாட்டாக இருந்தது 700-க்குள் வந்துவிடுகிறது. 60 நாளைக்கு 170 யூனிட். இது தோராயக் கணக்கு. சுவரின் கனத்தையும் காற்றின் வேகத்தையும் பொறுத்து மாறும். முதல் ஒரு மணி நேரம் குளிர்ந்த சுவர் சூட்டைக் குடிக்கும் என்பதால் அப்போது சற்று அதிகம் செலவாகும். ஆனாலும் மொத்தம் பாதிக்கு அருகில் குறையும் என்பதில் ஐயமில்லை.

இதே உட்கூரையில்லாத அறையில் விலையுயர்ந்த ஹீட் பம்பை வைத்தால் 360 யூனிட் ஏறக்குறைய 145 ஆகும். உட்கூரை போட்டுச் சாதாரண எண்ணெய்க் கணப்பை வைத்தால் 170. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் உட்கூரைக்கு மின்சாரம் வேண்டாம், பழுது பார்க்க ஆள் வேண்டாம், மின்வெட்டு நேரத்திலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். உட்கூரையும் போட்டு ஹீட் பம்பும் வைத்தால் 170 என்பது 70 ஆகும். தினம் 4 மணி நேரம் மட்டும் சூடு வேண்டியவருக்கு இந்த 100 யூனிட் மிச்சம், யந்திரத்தின் விலையைத் திருப்பித் தர நெடுங்காலம் ஆகும். படுத்த படுக்கையாக முதியோர் இருக்கும் வீட்டிலும், விருந்தினர் அறைகளை வாடகைக்கு விடும் அங்கத்தினர் வீட்டிலும், பகலும் இரவுமாக ஓட வேண்டியிருந்தால் கணக்கு மாறும். அவர்கள் ஹீட் பம்பையே வாங்கலாம்.

இதை விவசாயிகளுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. உறைபனிக் காலத்தில் இளந் தேயிலைச் செடிகள் கருகாமல் இருக்கப் பெரணித் தழையையும் வைக்கோலையும் போட்டு மூடுகிறார்கள். செடிக்கு அடியில் யாரும் தீ மூட்டுவதில்லை. மேகமில்லாத இரவில் செடியின் சூடு வானத்தை நோக்கி ஓடிவிடாமல் அந்தத் தழை தடுக்கிறது. செடிக்குச் செய்யும் உபகாரத்தை வீட்டுக்குச் செய்ய மட்டும் நமக்குத் தோன்றாமல் போய்விட்டது. தோடர்களின் பழைய குடில்களைப் பாருங்கள்: குனிந்து தவழ்ந்து நுழையும் சிறு வாயில், கனமான புல் வேய்ந்த வளைவு. உள்ளே சேர்ந்த சூடு வெளியேற வழியே வைக்கவில்லை. நாமோ மலைமேல் சமவெளி வீட்டைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறோம்.

உட்கூரை போடும்போது கவனிக்க வேண்டியவை சில. தகரத்துக்கும் பஞ்சுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு, அங்கே மட்டும் காற்று உலவ வழி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் தகரம் வியர்த்துச் சொட்டிப் பஞ்சு நனைந்துவிடும், நனைந்த பஞ்சு குளிரைத் தடுக்காது. தெர்மாகோல் தகடு மலிவு என்று அதைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எளிதில் தீப்பிடித்துக் கரும்புகை கக்கும். மின்கம்பிகள் ஓடும் கூரைக்கடியில் அதை வைக்க நான் துணியமாட்டேன். கூரையோரத்தில் கம்பிவலை அடிக்க மறக்கக் கூடாது. வெதுவெதுப்பான இடத்தை நம்மைவிட முன்னதாக எலிகள் கண்டுபிடித்துவிடும். இன்னும் ஒன்று, மிக முக்கியமானது: இடுக்குகளை அடைத்த அறையில் கரியோ விறகோ கேஸ் அடுப்போ எரிக்கவே கூடாது. முன்பு அந்த இடைவெளிகள் வழியாக வந்த காற்றினால்தான் அந்த மூதாட்டியும் அவர் கணவரும் இத்தனை குளிர்காலங்களைக் கடந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இடுக்கை அடைத்துவிட்டுக் கும்மட்டியையும் உள்ளே வைத்தால் முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

துணியின் பங்கு

நெசவாளர்களின் பங்கு என்று சொன்னேன் அல்லவா? குளிரைத் தடுப்பது நூல் அல்ல, நூலுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. ஆகையால்தான் தடித்த நூலில் தொய்வாக நெய்த சென்னிமலைப் போர்வை, அதே எடையுள்ள இறுக்கமான துணியைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. சிமெண்டுத் தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்தால் காலிலிருந்து போகும் சூடு நின்றுவிடும்; கால் குளிர்ந்தால் அறை 18 டிகிரியிலும் நடுங்கத்தான் செய்யும். சன்னலுக்குத் தரைவரை தொங்கும் கனத்த கைத்தறித் திரை, பொழுது சாய்ந்ததும் இழுத்து மூடினால் கண்ணாடி வழியாகப் போகும் சூட்டில் கணிசமான பங்கைத் தடுக்கும். இவற்றுக்கு ஒரு முறைதான் செலவு. மலைச் சங்கங்கள் குளிர்காலத்துக்கு முன் நெசவாளர் சங்கங்களிலிருந்து மொத்தமாக வாங்கி அங்கத்தினர்களுக்குத் தந்தால் இரு தரப்புக்கும் அனுகூலம். கணப்புக்கு வாட் கணக்குப் பார்க்கிற நிர்வாகக் குழு இதையும் பார்க்கலாம்.

படுக்கையை மட்டும் சூடேற்றினால் போதும் என்கிறவர்களுக்கு இன்னும் மலிவான வழி உண்டு. ஒன்றரை லிட்டர் கொள்ளும் ரப்பர் வெந்நீர்ப் பைக்குத் தண்ணீர் சூடாக்க, ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. விரிப்புக்கு அடியில் போடும் மின்சாரப் போர்வை 70 வாட் என்றால், இரவு 8 மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான். ஆனால் கைக்குழந்தைகளுக்கும், நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் அது கூடாது. சுடுவது அவர்களுக்குத் தெரியாது. மடித்து வைத்தும் ஈரத்தோடும் அதை உபயோகிக்கக் கூடாது.

குளியல் வெந்நீரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 15 லிட்டர் கொண்ட ஒரு வாளி நீரை 15 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய அரை யூனிட் செலவாகும். நால்வர் உள்ள வீட்டில் இரண்டு மாதத்தில் 120 யூனிட். அறைக் கணப்பைப்பற்றி வாதிடுகிறவர்கள் பலர் குளியலறைச் செலவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சேமிப்புத் தொட்டியுள்ள கீசரை நாள் முழுவதும் ஓடவிடாமல், குளிப்பதற்குச் சற்று முன் போட்டு நிறுத்திவிடுவதே போதும்.

மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால், இந்த யூனிட்டுகள் வெறும் யூனிட்டுகள் அல்ல. வீட்டின் வழக்கமான செலவுக்கு மேலே குவியும் ஒவ்வொரு யூனிட்டும் உயர்ந்த படியின் விலையில் விழுகிறது. ஆகவே கணப்பின் செலவைச் சராசரி விலையில் கணக்கிடாமல், உங்கள் சீட்டில் கடைசியாக எந்தப் படி வந்திருக்கிறதோ அந்த விலையில் பெருக்கிப் பாருங்கள். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, இந்த மலையின் தண்ணீரிலிருந்து எடுத்த மின்சாரம் கோயம்புத்தூர் ஆலைகளுக்குப் போயிற்று. அந்த மலையிலேயே இருந்துகொண்டு மின்சாரத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று செயலாளர் அலுத்துக்கொண்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கணப்பைத் தொடவே வேண்டாம். 2,000 வாட் சாதனம் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் ரேடியோவுக்கும் போட்ட சிறிய பிளக்கில் மாட்டினால் உருகிவிடும். எர்த் இணைப்போடு கூடிய 16 ஆம்பியர் சாக்கெட் தனி வயரில் வேண்டும். நீட்டிப்புப் பலகையில் மாட்டிக் கட்டிலுக்கடியில் விடுவது, ஈரத்துணியைக் கணப்பின்மேல் உலர்த்துவது ஆகிய இரண்டும் மழைக்காலத்தில் மலை வீடுகளில் நான் அடிக்கடி காண்பவை. இரண்டும் தீக்கு அழைப்பு. மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பிரதான பலகையில் பொருத்திவிடுவது நல்லது. பழைய வயரிங் உள்ள வீடானால் முதலில் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதித்துவிட்டு, அந்தச் செலவையும் கடன் தொகையில் சேர்த்துக் கேளுங்கள்.

அந்த 11 விண்ணப்பங்களும் நிர்வாகக் குழுவின் முன் வந்தபோது நானும் இருந்தேன். உட்கூரை ஏற்கெனவே உள்ள நாலு வீடுகளுக்கு எண்ணெய்க் கணப்பு அனுமதிக்கப்பட்டது. வீட்டிலேயே விருந்தினர் அறை நடத்தும் ஒருவர் ஹீட் பம்புக்குத் தனியாக விண்ணப்பிப்பதாகச் சொன்னார். ஒருவர், என் கூரையைப்பற்றிக் கேட்க இவர் யார் என்று கோபித்துக்கொண்டு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. மற்ற ஐவருக்கு, கேட்ட தொகைக்குள்ளேயே உட்கூரைக்கும் ஒரு சிறிய கணப்புக்குமாகப் பிரித்து அனுமதித்தார்கள். மூதாட்டிக்கு மட்டும், கணப்பை அன்றே வாங்கிக்கொள்ளவும், உட்கூரையை மாசிக்குள் போட்டுக்கொள்ளவும் முன்பணம் தரப்பட்டது. கும்மட்டியை அன்றைக்கே வெளித்திண்ணைக்கு மாற்றிவிட வேண்டும் என்று நிர்வாகக் குழுத் தலைவர் அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

இனி விண்ணப்பிப்பவர்கள் அறையின் நீள அகலம், கூரை என்ன வகை, உட்கூரை உண்டா, தினம் எத்தனை மணி நேரம் சூடு வேண்டும், வீட்டில் முதியோர் அல்லது நோயாளிகள் உண்டா என்ற விவரங்களையும், கடைசி இரண்டு மின்கட்டணச் சீட்டுகளின் நகலையும் சேர்த்துத் தந்தால் பரிசீலனை தாமதமாகாது. கணப்பு வாங்கிய ரசீது அங்கத்தினர் பெயரிலேயே இருக்க வேண்டும்.